ஆக்சிஜன் சென்சாரும் வாய் பிளந்த சாக்கெட்டும்: நான்கு மாதம் கழித்து ஒரு விமர்சனம்

பெட்டி கைக்கு வந்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டு, "பேக்கிங் அருமை" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. காருக்கு ஆக்சிஜன் சென்சார் (எஞ்சினிலிருந்து வரும் புகையில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கும் பாகம்) வாங்குவதற்கு முன் நான் படித்த விமர்சனங்களில் முக்கால்வாசி அந்த ரகம்தான். ஒருவர், "இன்னும் மாட்டவில்லை, ஆனால் தரமான பொருள்" என்றே எழுதியிருந்தார். மாட்டாமலே எப்படித் தெரிந்ததோ!

அதனால் நான் மாட்டி, நான்கு மாதம் ஓட்டி, 5,200 கிலோமீட்டர் தாண்டிய பிறகு எழுதுகிறேன். சென்சாரோடு சேர்த்து, இந்த வேலைக்காக வாங்கிய ஸ்கேனர், துரு இளக்கும் ஸ்பிரே, போல்ட் தலையில் மாட்டித் திருகும் இரண்டு சாக்கெட் எல்லாவற்றுக்கும் இதுதான் விமர்சனம். சென்சாரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சாக்கெட்டைப் பற்றித்தான் நிறைய இருக்கிறது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. காரில் இதற்கு முன் நானே செய்த பெரிய காரியம் ஏர் ஃபில்டர் மாற்றியது. ஆனால் என் மாமனார் முப்பது வருடம் லேத் பட்டறையில் இருந்தவர். கார் வேலை அவருக்கும் புதிதுதான், இரும்பு புதிதில்லை. இந்த விமர்சனத்தில் உருப்படியாக இருக்கிற யோசனைகளெல்லாம் அவருடையவை.

கார் பதினொரு வயது பெட்ரோல் வண்டி. நான்கு சிலிண்டர், 1,18,000 கிலோமீட்டர் ஓடியது. ஒருநாள் காலை செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. வண்டி ஓட்டத்தில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. மைலேஜ் மட்டும் சில மாதங்களாகக் குறைந்திருந்தது. அதற்கு நான் டயர் காற்றைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு பணிமனையில் காட்டினேன். அவர்கள் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, "ரெண்டு சென்சாரும் மாத்தணும் சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போயிருக்கலாம்" என்றார்கள். (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம் அது.) கோளாறைச் சொல்லும் கோட் என்ன வந்தது என்று கேட்டேன். "அதெல்லாம் சிஸ்டத்துல இருக்கு" என்று பதில் வந்தது. வெளியே வந்து, போனோடு புளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனர் ஒன்றை ஆர்டர் செய்தேன்.

ஸ்கேனரைப் பற்றி: தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் சொருகினால் போதும். கோட் படிக்கும், அழிக்கும், எஞ்சின் ஓடும்போது சென்சார் அளவுகளை உடனுக்குடன் காட்டும். குறைகளும் உண்டு. அடிக்கடி இணைப்பு அறுந்துபோகும். ஒரு வாரம் சொருகியபடியே விட்டுவிட்டேன், பேட்டரி களைத்துவிட்டது. பார்த்து முடித்ததும் பிடுங்கி வைத்துவிடுங்கள். இந்த வேலையில் போட்ட காசு முழுதாகத் திரும்பி வந்தது இதில்தான். ஏனென்றால் கோட் ஒன்றே ஒன்று: பி0135. அதாவது, முதல் வரிசையின் முதல் சென்சாரில் (கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது) ஹீட்டர் சுற்றில் கோளாறு. இரண்டாவது சென்சாரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கன்வெர்ட்டர் சரியில்லை என்றால் வழக்கமாக வரும் பி0420 கோடும் இல்லை.

சென்சாருக்குள் ஹீட்டர் எதற்கு என்று எனக்கும் அன்றுவரை தெரியாது. சென்சாரின் மூக்கில் ஒரு சிர்கோனியா பீங்கான் துண்டு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டிலும் ஆக்சிஜன் அளவு வேறுபடுவதால் அதில் சின்ன மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் அதிகமாகிப் புகையில் ஆக்சிஜன் குறைந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டிப் போகும். காற்று அதிகமானால் 0.1 பக்கம் இறங்கும். அதைப் பார்த்துத்தான் எஞ்சினின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைத்து, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கில் நிறுத்தப் பார்க்கிறது. இதில் ஒரு சிக்கல். பீங்கான் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகுதான் வேலையே செய்யும். 1976-ல் போஷ் நிறுவனம் தயாரித்து வால்வோ காரில் முதன்முதலாக வந்தபோது இதில் ஹீட்டர் கிடையாது, புகைச் சூட்டை நம்பித்தான் இருந்தது. ஹீட்டர் பின்னால் வந்து சேர்ந்தது. அது செத்துப்போனால் சென்சார் மறுபடி பழைய காலத்துக்குப் போய்விடுகிறது. எஞ்சின் சூடேறும்வரை கம்ப்யூட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு, தாராளமாகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டிருக்கும். என்னுடைய ஓட்டமெல்லாம் எட்டு, பத்து கிலோமீட்டர். மைலேஜ் எங்கே போனது என்று அப்போதுதான் புரிந்தது.

இங்கே நான் கிட்டத்தட்ட ஏமாந்தேன். நீண்ட பயணம் ஒன்று முடிந்து வந்ததும் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தேன். சென்சார் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே துள்ளிக்கொண்டிருந்தது. நல்ல சென்சார் செய்ய வேண்டியதும் அதுதான். "சரி, சென்சார் நல்லாத்தான் இருக்கு, கோட்தான் பொய்" என்று அழித்துவிட்டேன். மறுநாள் காலை எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. சூடான சென்சாரைப் பார்த்து ஹீட்டரை எடைபோட முடியாது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது ஏழு நிமிடம்வரை வோல்ட்டேஜ் அசையவே இல்லை.

அப்புறம்தான் மல்ட்டிமீட்டரை எடுத்தேன். முதலில் ஹீட்டரின் ஃபியூஸ், நன்றாக இருந்தது. அடுத்து கப்ளரை (சென்சார் வயரை வண்டி வயரோடு சேர்க்கும் இணைப்பான்) கழற்றி, சாவியைத் திருப்பி, வண்டிப் பக்கம் பார்த்தேன். 12 வோல்ட் வந்தது. கடைசியாக, எஞ்சின் ஆறிய பின் சென்சார் பக்கம். நான்கு வயரில் ஒரே நிறமாக இருக்கும் இரண்டும் ஹீட்டருக்கு உரியவை. அவற்றுக்கு நடுவே நல்ல சென்சாரில் சில ஓம் முதல் இருபது ஓம் வரை, வண்டிக்கு ஏற்றபடி ஏதாவது ஒரு எண் வரும். எனக்கு எண்ணே வரவில்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது. இதற்கு ஆன நேரம் இருபது நிமிடம். பணிமனையில் இந்த இருபது நிமிடத்தைத்தான் செலவழிக்கவில்லை.

இப்போது சென்சார். பழையதின் உடம்பிலேயே தயாரித்தவர் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். அதே நிறுவனம், அதே எண் என்று தேடி வாங்கினேன். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று மலிவாக ஒரு வகை கிடைக்கிறது. அதில் கப்ளர் இருக்காது. பழைய சென்சாரின் வயரை வெட்டி நாம்தான் ஒட்டுப்போட வேண்டும். பல சென்சார்கள் வெளிக்காற்றையே வயரின் உள்வழியாகத்தான் இழுக்கின்றன. ஒட்டுப்போடுகிற இடத்தில் ஈயத்தையும் பசையையும் அப்பிவிட்டால் அதற்கு மூச்சு அடைத்துவிடும். அதனால் அந்தப் பக்கமே போகவில்லை. இன்னொன்று, வயர் எண்ணிக்கையைப் பாருங்கள். ஐந்து, ஆறு வயர் இருந்தால் அது காற்று எரிபொருள் விகிதத்தையே நேரடியாக அளக்கும் வேறு ஜாதி. உருவம் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போடக் கூடாது.

வந்த சென்சார் நன்றாக இருந்தது. மூக்குக்கு பிளாஸ்டிக் தொப்பி, மரையில் துருப்பிடித்து இறுகாமல் இருக்கத் தடவும் பசை ஏற்கெனவே பூசியிருந்தது. மீட்டர் வைத்தேன், 13 ஓம். ஒரே குறை, வயரைத் தகட்டோடு பிடித்துவைக்கும் கிளிப் வரவில்லை. பழையதிலிருந்து உருவி மாட்டிக்கொண்டேன்.

இனி சாக்கெட்.

ஆக்சிஜன் சென்சாரின் தலை பெரும்பாலும் 22 மில்லிமீட்டர். பின்னால் வயர் தொங்குவதால் சாதாரண சாக்கெட் மேலே ஏறாது. அதற்காக, பக்கத்தில் நீளமாகக் கீறி, வயர் வெளியே வரும்படி ஒரு சாக்கெட் விற்கிறார்கள். நான் பார்த்த எல்லா வீடியோவிலும் அதைத்தான் போட்டுத் திருகினார்கள். சென்சார் வெண்ணெயில் சொருகியிருந்ததுபோல வந்தது. நானும் ஒன்று வாங்கினேன். பளபளவென்று இருந்தது. மாமா கையில் வாங்கி, கீறலின் இரண்டு உதட்டையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சுவர் மெல்லிசா இருக்கே மாப்பிள்ளை" என்றார். நான் காதில் வாங்கவில்லை. நாலு புள்ளி ஆறு நட்சத்திரம் வாங்கிய சாக்கெட் அது.

முந்தின நாள் இரவு, எஞ்சின் முழுக்க ஆறியிருந்தபோது மரையைச் சுற்றித் துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்துவைத்தேன். (சூட்டில் அடிக்காதீர்கள். அது தீப்பிடிக்கும் சமாச்சாரம்.) என் வண்டியில் சென்சார் எஞ்சினின் முன்பக்கம், எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்), வெப்பத் தடுப்புத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் கை போகும், வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. தகட்டை மூன்று போல்ட் பிடித்திருந்தன. இரண்டு வந்தன. மூன்றாவது, ஸ்பேனரை வைத்து லேசாக அழுத்தியதும் தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "அதுக்கும் ஸ்பிரே அடிச்சிருக்கணும்" என்றார். அடித்திருக்கணும்தான்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். மிதமான சூட்டில் இரும்பு விரிந்து மரை இளகும் என்பது அவர் கணக்கு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, தடித்த கையுறை மாட்டிக்கொண்டேன். கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே இரண்டு அங்குலம் தோல் தெரிந்தது. அந்த இரண்டு அங்குலத்தில்தான் சுட்டது.

கப்ளர் வர கால் மணி நேரம். அதன் பூட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் அழுத்திக்கொண்டிருந்தேன். பிறகு சாக்கெட்டை ஏற்றி இழுத்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. சந்தோஷமாக மறுபடி இழுத்தேன்.

"மாப்பிள்ளை, நிறுத்துங்க. சென்சார் சுத்தல. உங்க சாக்கெட் வாயைப் பிளக்குது."

டார்ச் அடித்துப் பார்த்தேன். கீறல் இருந்த இடத்தில் சாக்கெட் விரிந்து, மூலைகளின் மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. சென்சார் தலையின் ஆறு மூலையில் இரண்டு மழுங்கிவிட்டன. யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் எதுவும் இல்லை. சுற்றி முழு வளையமாக இருப்பதால்தான் சாக்கெட்டுக்குப் பலம். வளையத்தை ஓரிடத்தில் வெட்டிவிட்டு அதே பலத்தை எதிர்பார்த்தால் எப்படி? அதுவும் பதினொரு வருடம் சிவக்கச் சிவக்கக் காய்ந்து கிடந்த மரையிடம்.

மாமா எழுந்துபோய்த் தன் இரும்புப் பெட்டியிலிருந்து அறுமூலை உள்ள நீளமான 22 மில்லிமீட்டர் சாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தார். சுவர் அப்படித் தடிப்பு. "வயரை வெட்டுங்க" என்றார்.

"வெட்டினா அப்புறம்..."

"அப்புறம் என்ன? செத்த சென்சாருக்கு வயர் எதுக்கு?"

உண்மைதான். ஆனாலும் கத்தரியை வைக்கும்போது கை தயங்கியது. வெட்டினேன். நீள சாக்கெட் சென்சாரின் முழு உடம்பையும் விழுங்கிக்கொண்டு தலையில் கப்பென்று உட்கார்ந்தது. நீளக் கைப்பிடி, அதன் மேல் ஒரு முழம் குழாய். இந்த முறை இழுக்கவே வேண்டாம், அழுத்தம் மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். பத்து விநாடி போல இருந்திருக்கும். 'டக்' என்று ஒரு சத்தம். போல்ட் போலவே இதுவும் முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முறியவில்லை; கிறீச்சிட்டபடி சுற்ற ஆரம்பித்தது. ஒரு சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே என்று அவர் சொன்னபடி முன்னும் பின்னுமாகத் திருகி எடுத்தோம். மேனிஃபோல்டின் மரை பிழைத்தது. அது போயிருந்தால் மரையைச் சீராக்க இன்னொரு கருவி, இன்னொரு நாள்.

வெளியே வந்த சென்சாரின் மூக்கில் மெல்லிய கரி. பெட்ரோல் அதிகமாக எரிந்த தடயம். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சிலிக்கோன் பசையோ கூலன்ட்டோ உள்ளே போகிறது என்று அர்த்தம். அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் சாகும்.

புதியதைக் கையாலேயே கடைசிவரை திருகிவிட்டேன். வயரும் கூடவே சுற்றும். முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் கப்ளரை மாட்டாமல் விட்டுவைக்க வேண்டும். மூக்கில் விரல், எண்ணெய் எதுவும் படக் கூடாது. கீழே போட்டுவிட்டால் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கலாம், மாட்டாமல் இருப்பதே நல்லது. கப்ளருக்குள் கிரீஸோ கிளீனரோ அடிக்கிற பழக்கம் இருந்தால் இங்கே வேண்டாம். காரணம் மேலே சொன்ன மூச்சுதான்.

இறுக்குவதற்குத்தான் எங்களுக்குள் வாக்குவாதம். என் வண்டிக்கு 40 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுகுகிறது என்று அளவு காட்டும் கைப்பிடி) வைத்திருக்கிறேன், ஆனால் வாய் பிளந்த சாக்கெட் தலையைப் பிடிக்கவில்லை. "டபுள் எண்ட் ஸ்பேனர் போட்டு ஒரு அழுத்து அழுத்துங்க, போதும்" என்றார் மாமா. எனக்கு எண் வேண்டும். புதியதைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, வயரில்லாத பழைய சென்சாரையே அடைப்பானாகத் திருகிவைத்துவிட்டு, தடித்த சுவருள்ள, ரெஞ்சைப் பக்கவாட்டில் மாட்டும் வகைக் கீறல் சாக்கெட் இரண்டாவதாக ஒன்றை ஆர்டர் செய்தேன். வர மூன்று நாள். மூன்று நாளும் வண்டி நின்றது. மாமா எதுவும் பேசவில்லை.

இரண்டாவது சாக்கெட் தரமானது. குறை சொல்ல ஒன்றுமில்லை. டார்க் ரெஞ்சுக்குச் செங்குத்தாக மாட்டினால் அளவு மாறாது. நேர்க்கோட்டில் மாட்டினால் கைப்பிடி நீண்ட கணக்காகி, ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும். சரியாக மாட்டி, 'கிளிக்' சத்தம் வரும்வரை இறுக்கினேன். அந்தச் சாக்கெட் செய்த மொத்த வேலை அரைச் சுற்று. அதன்பிறகு பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை.

ஆகவே என் மதிப்பீடு இப்படி. பழைய சென்சாரைத் தூக்கிப் போடத்தான் போகிறீர்கள் என்றால் கீறல் சாக்கெட் தேவையே இல்லை, மலிவானதும் வேண்டாம், நல்லதும் வேண்டாம். வயரை வெட்டிவிட்டு அறுமூலை நீள சாக்கெட்டால் எடுங்கள். பன்னிரண்டு மூலை உள்ளதை வைத்தால் மழுங்கிவிடும். புதியதை இறுக்க நல்ல டபுள் எண்ட் ஸ்பேனர் போதும், மாமா சொன்னது சரிதான். வேறு வேலைக்காக நல்ல சென்சாரையே கழற்றி மறுபடி மாட்ட வேண்டிய நிலைமை வந்தால் மட்டும் அந்தத் தடித்த சாக்கெட்டுக்கு அர்த்தம் உண்டு. முதல் சாக்கெட்டுக்குப் பூஜ்யம் போட வழியில்லாததால் ஒரு நட்சத்திரம். விற்றவர்களுக்குப் படம் அனுப்பினேன். "அதிக விசை பயன்படுத்தப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. விசையைப் பயன்படுத்தாமல் போல்ட் கழற்றுவது எப்படி என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

துரு இளக்கும் ஸ்பிரேக்கு மூன்று. ஓர் இரவு ஊறியும் முதலில் அசையவில்லை. சூடும் பொறுமையும்தான் வேலை செய்தன. மாட்டிய பிறகு முதல் பத்து நிமிடம் அந்த எண்ணெய் எரிந்து புகை வரும், பதறாதீர்கள். நான் பதறினேன்.

சென்சாருக்கு ஐந்து. கோட்டை அழித்துவிட்டு மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் வோல்ட்டேஜ் துள்ள ஆரம்பித்துவிட்டது. நான்கு மாதமாக விளக்கு எரியவில்லை. லிட்டருக்கு 12.8 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது இப்போது 14.3 கொடுக்கிறது. அதே வழி, அதே கால், டேங்க் நிரப்பி நிரப்பிப் போட்ட கணக்கு. கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் 0.65 வோல்ட் பக்கம் அலையாமல் நிற்கிறது. கன்வெர்ட்டர் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. இரண்டையும் தொடவில்லை.

பாக்கி இருப்பது அந்த மூன்றாவது போல்ட். தகடு இரண்டு போல்டில் தொங்குவதால், எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றைத் தொடும்போது ஒரு கிணுகிணுப்பு கேட்கிறது. முறிந்த துண்டைத் துளைபோட்டு எடுக்க வேண்டும். நான் வண்டியை வீட்டுக்குள் திருப்பும்போதெல்லாம் மாமா நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறார். டிரில் பிட்டைத் தீட்டி வைத்திருக்கிறாராம்.